தீக்காய நோயாளியை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா? தாலுகா மருத்துவமனை டியூட்டி டாக்டருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேஷுவாலிட்டிக்குள் தீக்காயம் வந்ததும் புதிதாகச் சேர்ந்த டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "எத்தனை பர்சென்ட்?" என்பதுதான், அதாவது உடம்பின் பரப்பில் எவ்வளவு எரிந்திருக்கிறது என்று. 40 என்றால் பதறி அப்படியே வண்டி ஏற்றிவிடுவார், 2 என்றால் மருந்து தடவிக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இரண்டிலும் தவறு நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 40 சதவீதக்காரர் டிரிப்பே இல்லாமல் மூன்று மணி நேரம் பயணம் செய்து ஷாக்கில் (ரத்த ஓட்டம் சரிந்த நிலையில்) போய்ச் சேர்வார். 2 சதவீதக்காரருக்கு அந்த 2 சதவீதம் முழுவதும் வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழேயே இருக்கும், மூன்று மாதம் கழித்து விரல்கள் மடங்கிப்போய்த் திரும்பி வருவார்.

அதனால் பர்சென்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மூச்சு, எதனால் சுட்டது, எந்த இடம், எவ்வளவு ஆழம், அதற்கு அப்புறம்தான் பரப்பு. கீழே உள்ளதும் அதே வரிசைதான். இது தாலுகா மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், சின்ன நர்சிங் ஹோம் ஆகியவற்றில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் எழுதியது. உங்கள் மாவட்டத்துக்கென்று தனி நெறிமுறை இருந்தால் அதுதான் முதலில்.

1. நோயாளி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

உங்களுக்குப் பக்கத்தில் தீக்காயப் பிரிவு எங்கே இருக்கிறது, அங்கே இரவு இரண்டு மணிக்கு யார் போன் எடுப்பார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சென்னைப் பக்கம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு எல்லோருக்கும் தெரியும். மற்ற மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரியின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நோயாளி அலறிக்கொண்டிருக்கும்போது நம்பர் தேட முடியாது.

லண்ட்–பிரவுடர் படத்தை (வயதுக்கு ஏற்ப உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை சதவீதம் என்று காட்டும் படம்) இருபது பிரதி எடுத்து வையுங்கள். ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.) டிரிப் பாட்டில், எடை பார்க்கும் மெஷின், சிறுநீர் கதீட்டர், சுத்தமான துவைத்த படுக்கை விரிப்பு, மோதிரம் வெட்டும் கட்டர் வேண்டும். அப்புறம் சமையலறையில் சாப்பாடு மூடப் பயன்படுத்தும் கிளிங் ஃபிலிம் ஒரு ரோல். இதைக் கேட்டால் ஸ்டோரில் சிரிப்பார்கள், கடையில் வாங்கி வைத்துவிடுங்கள்.

2. முதலில் மூச்சு, கூடவே மற்ற காயங்கள்

எரிந்த தோல் கண்ணை இழுத்துக்கொள்ளும். அதைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள், பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். குரல் கரகரத்தால், மூக்கு முடி கருகியிருந்தால், எச்சிலில் கரி வந்தால், மூடிய அறைக்குள் எரிந்ததாகச் சொன்னால், புகை உள்ளே போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் புதியவர்கள் சறுக்குவது பல்ஸ் ஆக்சிமீட்டரில். 99 காட்டுகிறதே என்று விட்டுவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே காட்டும். அதனால் எண் எதுவாக இருந்தாலும் பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் போடுங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். இப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவரின் தொண்டை அடுத்த சில மணி நேரத்தில் வீங்கும். வழியில் ஆம்புலன்ஸுக்குள் மூச்சுக் குழாய் போட முயல்வது நடக்காத காரியம். குரல் மாறத் தொடங்கிவிட்டால் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டு இங்கேயே குழாய் போட்டு அனுப்புவதுதான் சரி. குழாயைப் பிளாஸ்டரால் ஒட்டாமல் நாடாவால் கட்டுங்கள், ஈரமான எரிந்த முகத்தில் பிளாஸ்டர் நிற்காது.

சிலிண்டர் வெடித்தது, பட்டாசுக் கிடங்கில் வெடித்தது, மாடியிலிருந்து குதித்தார் என்றால் தலை, கழுத்து, நெஞ்சு, வயிறு எல்லாம் பார்க்க வேண்டும். வந்தவுடனேயே ரத்த அழுத்தம் குறைவாக இருந்தால் அதைத் தீக்காயத்தின் தலையில் கட்டாதீர்கள். தீக்காய ஷாக் மெல்ல வரும், அரை மணி நேரத்தில் வராது. எங்கோ உள்ளே ரத்தம் போகிறதா என்று தேடுங்கள்.

3. கதையைக் கேளுங்கள், தனியாகவும் கேளுங்கள்

என்ன சுட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பட்டது, திறந்த இடமா மூடிய அறையா, அதன்மேல் என்ன போட்டார்கள். இந்த ஐந்தும் வேண்டும். மணி மிகவும் முக்கியம், டிரிப் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

எதனால் சுட்டது என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும். வெந்நீர் என்றால் பெரும்பாலும் மேலோட்டம், ஆனால் சாம்பார், பாயசம், எண்ணெய் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். மின்சாரம், ஆசிட், சுண்ணாம்பு என்றால் பரப்பைப் பார்க்கும் முன்பே அனுப்பும் பட்டியலில் சேர்ந்தாயிற்று.

அப்புறம் ஒரு விஷயம். "ஸ்டவ் வெடிச்சிருச்சு சார்" என்று கூட வந்தவர்கள் சொல்வதை அப்படியே எழுதாதீர்கள். உறவினர்களை வெளியே நிற்கவைத்துவிட்டு, ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் இருக்க, "என்னம்மா நடந்துச்சு?" என்று அந்தப் பெண்ணையே கேளுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். குழந்தை என்றால், கால் இரண்டும் சாக்ஸ் போட்டது மாதிரி ஒரே கோட்டில் சுட்டிருந்தாலோ, நேற்று சுட்டு இன்று கொண்டுவந்தாலோ, கதை ஆளுக்கொன்றாக மாறினாலோ, காயம் சின்னதாக இருந்தாலும் அனுப்பும் பட்டியலில் சேருங்கள்.

4. கழுவுங்கள், துணியை எடுங்கள், முழுவதும் பாருங்கள்

சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்திருந்தால், வீட்டில் தண்ணீர் ஊற்றாமல் வந்திருந்தால், 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். குளிர வேண்டியது காயம் மட்டும்தான், ஆள் குளிர்ந்துவிடக் கூடாது. பெரிய காயத்திலும் சின்னக் குழந்தையிலும் உடம்பு சில்லிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், மற்ற இடங்களைப் போர்த்திவிட்டு ஃபேனை நிறுத்துங்கள்.

மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, குழந்தையின் அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் இப்போதே கழற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மெட்டி வராது. தாலியைக் கழற்ற வீட்டார் தயங்கினால், கழுத்தில் காயம் இருக்கிறது, வீங்கும் என்று சொல்லி அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், சுற்றி வெட்டி விட்டுவிடுங்கள்.

பேனா மை, இட்லி மாவு, பற்பசை, மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு என்று எதையாவது அப்பிக்கொண்டு வருபவர்கள் நிறைய. திட்டாதீர்கள், அடுத்த முறை வர மாட்டார்கள். ஆனால் கழுவி எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் நீல மைக்கு அடியில் இருக்கும் தோல் இளஞ்சிவப்பா வெள்ளையா என்று யாராலும் சொல்ல முடியாது. இதே காரணத்துக்காகத்தான் அனுப்பப்போகும் நோயாளிக்கு நீங்கள் வெள்ளை சில்வர் சல்ஃபாடயசின் களிம்பையும் தடவக் கூடாது. அங்கே இருப்பவர்கள் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும், நோயாளிக்கு இரண்டு மடங்கு வலி.

திருப்பிப் போட்டு முதுகையும் பாருங்கள். முதுகை மறப்பது வாரம் ஒருமுறையாவது நடக்கிறது.

5. ஆழத்தை விரலால் சோதியுங்கள்

சிவந்து, காய்ந்து, கொப்புளம் இல்லாமல் எரிச்சல் மட்டும் இருந்தால் அது மேல்தோல் காயம். இதைப் பரப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, தொட்டுப் பார்த்துச் சூட்டையும் வலியையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொப்புளம், அதற்கடியில் ஈரமான இளஞ்சிவப்பு, தொட்டாலே கத்தல். கையுறை போட்ட விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்து உடனே நிறம் திரும்பினால் மேலோட்டமான இரண்டாம் நிலை, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறும்.

அழுத்தினால் நிறம் மெதுவாகத் திரும்புகிறது அல்லது திரும்பவே இல்லை, திட்டுத்திட்டாகச் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிறது, வலி குறைவு என்றால் ஆழமான இரண்டாம் நிலை. வெள்ளையாகவோ பழுப்பாகவோ தோல் பை மாதிரி விறைத்து, வலியே இல்லாமல் இருந்தால் முழு ஆழம். வலி இல்லை என்று நோயாளியும் சந்தோஷப்படுவார், புதிய டாக்டரும் சந்தோஷப்படுவார். அங்கே நரம்பே செத்துவிட்டது என்பதுதான் விஷயம்.

முதல் நாள் பார்த்த ஆழம் மூன்றாம் நாள் மாறலாம். சந்தேகம் இருந்தால் ஆழம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

6. இப்போது பரப்பு

பெரியவருக்கு ஒன்பதின் விதி: தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, மார்பும் வயிறுமாக முன்பக்கம் 18, பின்பக்கம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்பு 1. இதைக் குழந்தைக்குப் போடாதீர்கள். கைக்குழந்தைக்குத் தலை மட்டுமே சுமார் 18, ஒரு கால் 14தான். பத்து வயது வரை லண்ட்–பிரவுடர் படத்தை எடுங்கள்.

சிதறலான காயத்துக்கு நோயாளியின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, ஏறக்குறைய 1 சதவீதம். நோயாளியின் கை. உங்கள் கையை ஒன்றரை வயதுக் குழந்தையின் மேல் வைத்து அளந்தால் கணக்கு எங்கோ போய்விடும்.

புகைக் கரியைத் துடைக்காமல் கணக்குப் போடுவதும், வெறும் சிவப்பைச் சேர்ப்பதும்தான் வழக்கமான தவறுகள். 40 என்று எழுதி அனுப்பியவர் அங்கே போய்க் கழுவியதும் 22 ஆவதை அடிக்கடி பார்க்கலாம். அதிகம் எழுதினால் அதிகம் டிரிப் ஏறும், நுரையீரலும் கைகால்களும் வீங்கும்.

7. யாரை அனுப்ப வேண்டும்

அமெரிக்கத் தீக்காயச் சங்கத்தின் பட்டியலை ஒட்டித்தான் பல இடங்களில் முடிவெடுக்கிறார்கள். அதை நம் ஊர் கேஷுவாலிட்டியில் வைத்துப் பார்த்தால் இப்படி வரும்.

பரப்பு: இரண்டாம் நிலைக் காயம் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அனுப்புங்கள். பிரிட்டனில் பெரியவருக்கு 3, குழந்தைக்கு 2 சதவீதத்திலேயே நிபுணர்களிடம் பேசிவிடுகிறார்கள். நான் குழந்தை என்றால் 5 சதவீதத்திலேயே போன் எடுத்துவிடுவேன்.

ஆழம்: முழு ஆழக் காயம் எந்த அளவாக இருந்தாலும். நாணயம் அளவில் இருந்தாலும் தானாக எளிதில் ஆறாது, பெரும்பாலும் தோல் ஒட்ட வேண்டியிருக்கும். உடனே இல்லாவிட்டாலும் சில நாளுக்குள் நிபுணர் பார்க்க வேண்டும்.

இடம்: முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி, மூட்டுகளின் மேல். இங்கேதான் "சின்ன காயம்தானே சார், இங்கேயே கட்டி விடுங்க" என்று வீட்டார் கெஞ்சுவார்கள், நாமும் இளகிவிடுவோம். ஒரு குழந்தை சூடான ரசப் பாத்திரத்துக்குள் கையை விட்டது. பரப்பு 1 சதவீதம்கூட இல்லை. ஐந்து விரலையும் சேர்த்து ஒரே உருண்டையாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து எங்களிடம் வந்தபோது விரலிடுக்குகள் ஒட்டத் தொடங்கியிருந்தன. அன்றிலிருந்து கையில் தீக்காயம் என்றால் நான் பரப்பைக் கேட்பதே இல்லை.

சுற்றிலும் எரிந்தது: கையோ காலோ நெஞ்சோ வளையம் மாதிரி முழுச் சுற்றும் ஆழமாக எரிந்திருந்தால் அவசரம். விறைத்த தோல் உள்ளே வீங்கும் சதையை நெரிக்கும். கையைத் தூக்கி வையுங்கள், விரல் நுனி நிறத்தையும் நாடியையும் மணிக்கொருமுறை பாருங்கள். நாடி குறைந்தால், நெஞ்சு விரியாவிட்டால், அந்த இறுகிய தோலைக் கீறிவிட்டே அனுப்ப வேண்டியிருக்கலாம். போனில் அதைத்தான் முதலில் கேளுங்கள்.

மின்சாரம்: 1000 வோல்ட்டும் அதற்கு மேலும், மின்னல், இவை கட்டாயம் அனுப்ப வேண்டியவை. வயலில் பன்றிக்குப் போட்ட திருட்டு மின்வேலி, மோட்டார் ஸ்டார்ட்டர் போன்றவற்றில் வோல்ட்டேஜ் என்னவென்று யாருக்கும் தெரியாது, அதனால் அதையும் பெரிதாகவே எடுங்கள். விரலில் மிளகு அளவு கறுப்புப் புள்ளி, பாதத்தில் இன்னொன்று, அவ்வளவுதான் வெளியே தெரியும். நடுவில் கை முழுவதும் சதை வெந்திருக்கும். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தால் சிதைந்த சதையின் சாயம் சிறுநீரகத்துக்குள் போகிறது என்று பொருள். ஈ.சி.ஜி. எடுக்காமல் எந்த மின்சாரக் கேஸையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இதற்கு ஒரே விலக்கு: வீட்டு 230 வோல்ட், மயக்கம் இல்லை, காயம் இல்லை, ஈ.சி.ஜி. சரி என்றால் வீட்டுக்கு அனுப்பலாம்.

ரசாயனம்: கழிவறை ஆசிட், சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாமே. பொடி என்றால் முதலில் தட்டி எடுத்துவிட்டு அப்புறம் தண்ணீர். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும், காரம் (சுண்ணாம்பு, சிமெண்ட் போன்றவை) என்றால் இன்னும் அதிக நேரம். சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கிக் கண்ணில் அடித்துக்கொண்ட குழந்தை வந்தால், கடிதம் எழுதுவதற்கு முன்னால் இமையைப் பிரித்து, உள்ளே இருக்கும் துகளைப் பஞ்சுக் குச்சியால் எடுத்து, சலைன் ஊற்றிக்கொண்டே இருங்கள். அதற்கப்புறம் கண் டாக்டர்.

புகை: இரண்டாம் படியில் சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் போதும், தோலில் காயமே இல்லாவிட்டாலும்.

ஆள்: கர்ப்பிணி, முதியவர், இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோய் உள்ளவர். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளி வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இரண்டு கொப்புளத்தோடு வருவார். அவருக்குச் சூடு தெரியவில்லை என்பதே அது ஆழம் என்பதற்கு அடையாளம். வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தவருக்கும் அப்படித்தான், கையை எடுத்துக்கொள்ள அவருக்கு நினைவு இருந்திருக்காது.

80, 90 சதவீதம் எரிந்து வருபவரை என்ன செய்வது என்று கேட்பார்கள். பிழைக்க மாட்டார் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள், வலியைக் குறைத்துவிட்டு பிரிவோடு பேசி, குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள்.

8. யாரை வைத்துக்கொள்ளலாம்

சிறிய பரப்பு, மேலோட்டம், மேலே சொன்ன இடங்களில் இல்லை, வாயால் சாப்பிடுகிறார், வலி மாத்திரைக்கு அடங்குகிறது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, திரும்பி வர பஸ் வசதி இருக்கிறது என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டும் மருத்துவக் காரணம் இல்லை என்று நினைக்காதீர்கள். டிரெஸ்ஸிங்குக்கு வர முடியாதவரின் காயம் சீழ்தான் பிடிக்கும்.

48 மணி நேரத்தில் கட்டைப் பிரித்து மறுபடி ஆழம் பாருங்கள். இரண்டு வாரத்தில் மூடவில்லை என்றால் அனுப்புங்கள். மூன்று வாரம் தாண்டி ஆறும் காயம் தடித்த தழும்பாகவும் இழுப்பாகவும் மாற வாய்ப்பு மிக அதிகம். "இன்னும் ரெண்டு டிரெஸ்ஸிங்ல ஆறிடும்" என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. வைத்துக்கொள்பவருக்கு ஆன்டிபயாட்டிக் வழக்கமாக எழுத வேண்டாம், டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி நிலையை மட்டும் பாருங்கள்.

9. வண்டி வருவதற்குள்

பெரியவருக்கு 15 முதல் 20, குழந்தைக்கு 10 சதவீதத்துக்கு மேல் என்றால் டிரிப் கட்டாயம். பெரிய ஊசியாக இரண்டு போடுங்கள், நல்ல இடம் கிடைக்காவிட்டால் எரிந்த தோல் வழியாகவும் போடலாம். சதவீதக் கணக்கு முடிவதற்குள்ளேயே ரிங்கர் லாக்டேட் ஓடத் தொடங்க வேண்டும்: 14 வயதும் அதற்கு மேலும் மணிக்கு 500 மி.லி., 6 முதல் 13 வரை 250, 5 வயதும் அதற்குக் கீழும் 125.

அப்புறம் கணக்கு. பெரியவருக்கு 2 மி.லி. × எடை × சதவீதம், குழந்தைக்கு 3, மின்சாரத்துக்கு 4. 60 கிலோ, 30 சதவீதம் என்றால் 3600 மி.லி. இதில் பாதி, 1800, சுட்ட நேரத்திலிருந்து முதல் 8 மணி நேரத்துக்குள். உங்களிடம் வரவே 3 மணி நேரம் ஆகிவிட்டது, டிரிப் எதுவும் ஏறவில்லை என்றால் மிச்சம் 5 மணி நேரம், அதாவது மணிக்கு 360. வந்த நேரத்திலிருந்து எட்டு மணி என்று போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இந்தச் சூத்திரம் தொடக்கம் மட்டும்தான். கதீட்டர் போட்டு, பெரியவருக்கு மணிக்கு 30 முதல் 50 மி.லி., குழந்தைக்குக் கிலோவுக்கு 1 மி.லி. சிறுநீர் வருகிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

வலிக்கு மருந்தை ரத்தக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சதையில் போட்டால் ஷாக்கில் அங்கேயே தேங்கிக்கிடந்து, டிரிப் ஏறியதும் மொத்தமாக உள்ளே வரும். 20 சதவீதத்துக்கு மேல் என்றால் மூக்கு வழியாக வயிற்றுக் குழாய், வழியில் வாந்தி வரும்.

காயத்தின் மேல் கிளிங் ஃபிலிம், நீளவாக்கில் துண்டுதுண்டாக. சுற்றிக் கட்டாதீர்கள், வீங்கும்போது இறுகும். ரோலின் முதல் சுற்றை எறிந்துவிடுங்கள். முகத்தில் வேண்டாம். மேலே சுத்தமான விரிப்பு, அதற்கு மேல் கம்பளி. ஆம்புலன்ஸில் ஏ.சி.யை நிறுத்தச் சொல்லுங்கள், டிரைவருக்கு வியர்க்கும், பரவாயில்லை.

10. போன், கடிதம், ஏ.ஆர்.

முதலில் போன், அப்புறம் 108. படுக்கை இல்லை என்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு இரண்டாவது ஆஸ்பத்திரி தேடி அலைந்த வண்டிகள் உண்டு. போன் எடுத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காயத்தைப் போட்டோ எடுத்து, நோயாளியிடம் கேட்டுவிட்டு, முகம் தேவையில்லை என்றால் முகம் இல்லாமல் அனுப்பினால் பாதிக் கேள்வி குறையும்.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடாமல் எந்தத் தீக்காயத்தையும் வெளியே விடாதீர்கள், காவல் நிலையத்துக்குத் தகவலும் போக வேண்டும். நிலைமை மோசம், பேசும் நிலையில் இருக்கிறார் என்றால் மரண வாக்குமூலத்துக்கு மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லுங்கள், ஆனால் அதற்காக டிரிப்பையோ மூச்சுக் குழாயையோ தள்ளிப்போடக் கூடாது.

கடிதத்தில் "பர்ன்ஸ், மேல்சிகிச்சைக்கு" என்று ஒற்றை வரி எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. இப்படி எழுதுங்கள்: "பெண், 34 வயது, 55 கிலோ. காலை 6.40க்கு மூடிய சமையலறையில் சிலிண்டர் தீ. முகம், இரண்டு கை, மார்பு. ஆழமான இரண்டாம் நிலை, சுமார் 25%. குரல் கரகரப்பு, 8.15க்குக் குழாய் போடப்பட்டது. ஆர்.எல். 7.30க்குத் தொடங்கியது, இதுவரை 900 மி.லி., சிறுநீர் கடந்த ஒரு மணி நேரத்தில் 35 மி.லி. வலிக்குக் கொடுத்த மருந்து, அளவு, நேரம் பின்பக்கம். டி.டி. போடப்பட்டது. களிம்பு தடவவில்லை. கையில் மோதிரம் வெட்டி எடுக்கப்பட்டது, கணவரின் தங்கையிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியுள்ளோம்."